முதல் வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் காசு வேண்டாம்

முதன்முதலாகச் செய்த வெப்சைட்டை நெட்டில் ஏற்ற ஒரு வருட ஹோஸ்டிங் (சைட் ஃபைல்களை வைக்கும் வாடகை இடம்) வாங்கிவிடாதீர்கள். கோடு ஃபைல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாகவே போடலாம். கணக்கு தொடங்கி, 'உங்கள்பெயர்.கிட்ஹப்.ஐஓ' (username.github.io, பெயர் என்பது கிட்ஹப்பில் உங்கள் யூசர்நேம்) என்ற பெயரில் ஒரு ரெப்பாசிட்டரி, அதாவது ஃபைல்கள் இருக்கும் பெட்டி, உருவாக்கி ஃபைல்களை ஏற்றினால் போதும். அந்தப் பெயரே உங்கள் முகவரி. சைட் தெரிய 10 நிமிடம் வரை ஆகலாம், பதறவேண்டாம்.

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படங்கள் மட்டும் உள்ள சைட்டுக்கு சர்வர் எதையும் கணக்குப் போட்டுத் தரவேண்டியதில்லை. ஃபைலை எடுத்து அப்படியே நீட்டினால் போதும். அதனால்தான் சும்மா தர முடிகிறது. 1 ஜிபி வரை இடம் உண்டு, கற்றுக்கொள்கிறவருக்கு அது தாராளம்.

முகப்புப் பக்கத்தின் பெயர் 'இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்' என்றே இருக்கட்டும், முழுக்கச் சின்ன எழுத்தில். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, கிட்ஹப் பேஜஸ் பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிந்த படம் நெட்டில் காணாமல் போனால், முதலில் ஃபைல் பெயரின் கடைசியில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸ், பிஹெச்பி, டேட்டாபேஸ் தேவைப்படும் சைட்டுக்கு இது உதவாது. ஆன்லைன் கடை நடத்தவும் அனுமதியில்லை. இலவசக் கணக்கில் பேஜஸுக்கான ரெப்பாசிட்டரி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருக்கவேண்டும் என்பதால் பாஸ்வேர்டு எதையும் அதில் தயவுசெய்து வைக்காதீர்கள். அழித்தாலும் ரெப்பாசிட்டரி சேமித்துவைக்கும் பழைய பதிவில் அது அப்படியே கிடக்கும்.