லோகோ அடித்த பென் டிரைவ்: உள்ளே இருக்கும் சிப்பையும் செய்த கையையும் கேட்டு வாங்குவது எப்படி

பள்ளிப் பொன்விழா, கூட்டுறவுச் சங்க ஆண்டு விழா, மருத்துவமனை மாநாடு என்று ஏதாவது வந்தால் பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு வட்டாரத்தில் உடனே எழும் யோசனை, பெயர் அச்சிட்ட பென் டிரைவ் கொடுக்கலாம் என்பது. ஆர்டர் போடுவதற்கு முன் வாங்கிக்கொள்பவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளியில் படித்துப் போனவர்களில் பலரிடம் கம்ப்யூட்டர் இருக்காது, போன்தான் இருக்கும். அவர்களுக்குச் சாதாரண பென் டிரைவ் மேசை இழுப்பறைக்குப் போகும் பொருள். ஒரு அட்டையில் க்யூஆர் கோடு அச்சிட்டுக் கொடுத்தால் செலவும் குறைவு, குப்பையும் குறைவு. டிரைவ்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி உள்ள இரட்டை முனை வகையைக் கேளுங்கள்.

எத்தனை ஜிபி என்பதை ஆசைப்பட்டு முடிவு செய்யாமல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். விழா மலர் பிடிஎஃப் 150 எம்பி, 5 எம்பி அளவில் 400 படங்கள் 2 ஜிபி, ஒரு மணி நேர வீடியோ சுமார் 3.6 ஜிபி. மொத்தம் 6 ஜிபிக்கு உள்ளேதான் வரும். 8 ஜிபியே போதும், 16 தாராளம். “அதே விலைக்கு 64 தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அங்கேதான் நின்று சந்தேகப்பட வேண்டும்.

சிப் எங்கிருந்து வருகிறது

சாம்பிள் தட்டில் இருக்கும் மூங்கில், தோல், சாவி, ஏடிஎம் கார்டு வகைகள் எல்லாம் வெளிக்கூடுகள்தான். கடைக்காரர் பெருமையாகக் காட்டுவதும் கூட்டைத்தான். விலையையும் ஆயுளையும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் இரண்டு பொருள்கள்: தகவலைத் தாங்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப், அதை இயக்கும் கன்ட்ரோலர். ஃபிளாஷ் சிப் செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்சியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி. அவர்களின் தரச் சோதனையில் கழிந்த சிப்புகளும், பழைய போர்டுகளிலிருந்து உருவிய சிப்புகளும் தனியாக ஒரு சந்தையில் ஓடுகின்றன. மலிவு பென் டிரைவ்களில் பலவும் அங்கிருந்து வருபவை. “ஏ கிரேடு” என்ற சொல்லுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. அதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே கொட்டேஷனில் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள். சிப் எந்த நிறுவனத்துடையது, டிஎல்சியா (ஓர் அறையில் மூன்று பிட் பதியும் வகை) கியூஎல்சியா (நான்கு பிட்; ஆயுள் குறைவு), கன்ட்ரோலர் எது, சாம்பிளில் இருந்த அதே சிப்தான் முழு ஆர்டரிலும் வருமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். நல்ல சிப்பில் சாம்பிள் கொடுத்துவிட்டு, மொத்த சரக்கில் வேறு சிப் போடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். சிப் எது என்று சொல்ல முடிகிறவர் எந்தத் தொழிற்சாலையில் சேர்த்தது என்றும் சொல்வார். அது தெரியாதவரிடம் தொழிலாளர் நிலை பற்றிக் கேட்டும் பயனில்லை. தரம் விசாரிப்பதும் பொறுப்பு விசாரிப்பதும் இரண்டு வேலை இல்லை, ஒரே வழித்தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போவதுதான்.

சாம்பிளைச் சோதிக்கும் முறை

குறைந்தது மூன்று சாம்பிள் வாங்குங்கள். இரண்டு சோதனைக்கு, ஒன்று உடைத்துப் பார்க்க.

16 ஜிபி டிரைவைச் செருகினால் விண்டோஸ் 14.4 முதல் 14.9 வரை காட்டும். இது ஏமாற்று இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. உண்மையான ஏமாற்று வேறு. கன்ட்ரோலரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, 4 ஜிபி சிப்பை 64 என்று சொல்ல வைத்துவிடுவார்கள். முதல் 4 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் எழுதுவது ஒன்று பழையதின் மேலேயே விழும், அல்லது எங்கும் பதியாமல் போகும். கோப்பின் பெயரும் அளவும் ஜன்னலில் அழகாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. “காப்பி ஆச்சே, பிறகு ஏன் ஓடலை” என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

இதைப் பிடிக்க டிரைவ் முழுவதையும் நிரப்பிப் படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். காலி டிரைவைச் செருகி, முழு இடத்தையும் எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நொடிக்கு 6 எம்பி எழுதும் யூஎஸ்பி 2.0 டிரைவ் என்றால் 16 ஜிபிக்கு எழுத முக்கால் மணி நேரம், படிக்கக் கால் மணி நேரம் ஆகும். ஒரு பிழை காட்டினாலும் அந்த சாம்பிளைத் திருப்பிக் கொடுங்கள். ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்; போலி அளவு ஃபார்மட்டால் மாறாது.

வேகத்தையும் இதே சோதனை சொல்லிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 480 எம்பிபிஎஸ் என்பது யூஎஸ்பி 2.0 பாதையின் உச்ச வரம்பு, டிரைவின் வேகம் இல்லை. உள்ளே நீல நிற பிளாஸ்டிக் இருப்பதும் அதைவிட வேகமான யூஎஸ்பி 3.0 என்பதற்கு ஆதாரம் ஆகாது. 3.0 முனையில் நான்கு பழைய தொடுகம்பிகளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து இருக்க வேண்டும். உற்றுப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது சாம்பிளை நெம்பித் திறங்கள். பச்சை போர்டில் தனித்தனிச் சிப் இருந்தால் மேலே உள்ள எழுத்தைப் படம் எடுத்து, கொட்டேஷனில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். எழுத்து சுரண்டப்பட்டிருந்தால் அதுவே பதில். சிறிய கார்டு, உலோக வகைகளில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கறுப்புத் துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். யூடிபி என்பார்கள். நீரும் தூசியும் அதில் எளிதில் புகாது. ஆனால் பழுதானால் உள்ளே இருப்பதை மீட்பது மிகவும் கடினம்.

கூடு: பாலக்காட்டு மழையை மனதில் வைத்து

மூங்கிலும் மரமும் பசுமையாகத் தெரியும். ஆனால் ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில் கணவாய்க்கு மேற்கே மரக்கூடு ஈரம் குடித்து ஊதும், மூடி இறுகும் அல்லது தளரும், இரண்டு பாதிகளை ஒட்டிய பசை விடும், வார்னிஷ் இல்லாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மரம்தான் வேண்டும் என்றால் எல்லாப் பக்கமும் பூச்சு உண்டா, காந்த மூடியா என்று பாருங்கள். கூடவே காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்பதற்கான எஃப்எஸ்சி சான்று எண்ணைக் கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். எங்கள் கணிப்பில் இந்தப் பக்கத்துக்குப் பொருத்தம், சுழலும் மூடி கொண்ட அலுமினிய வகை.

ரப்பர் போலிருக்கும் மென் பிவிசி பொம்மை வடிவம் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு ஏற்றது இல்லை. அதை மென்மையாக்கச் சேர்ப்பது பெரும்பாலும் தாலேட். இங்கே ரோஹ்ஸ் அறிக்கையை, அதாவது மின்சாதனத்தில் தீங்கான பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சொல்லும் சோதனை அறிக்கையை, வாசிக்கத் தெரிய வேண்டும். நம் நாட்டு மின்கழிவு விதிகள் கட்டுப்படுத்துவது ஈயம், பாதரசம், காட்மியம் முதலான ஆறு பொருள்களை. ஐரோப்பிய விதியில் 2019 ஜூலை 22 முதல் நான்கு தாலேட்களும் சேர்ந்து பத்து. பத்தும் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் சோதித்த பொருளின் படம் உங்கள் மாதிரிதானா, விண்ணப்பித்தது யார், தேதி எது என்று பாருங்கள். ஐந்து வருடம் முன்பு வேறு மாதிரிக்கு எடுத்த அறிக்கையை எல்லாருக்கும் அனுப்புவது சகஜம்.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பற்றி ஒரு வார்த்தை. யூஎஸ்பி ஃபிளாஷ் சேமிப்பில் கட்டாயப் பதிவு 256 ஜிபிக்கு மேற்பட்டவற்றுக்குத்தான். 16 ஜிபி பென் டிரைவை “பிஐஎஸ் அப்ரூவ்டு” என்று விற்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

யார் கையால் வந்தது

டிரைவ்களில் பெரும்பாலானவை சீனாவின் ஷென்ஜென் பக்கம் சேர்க்கப்பட்டவை. சென்னையிலோ கோவையிலோ லோகோ அச்சிட்டு, பெட்டியில் போடுவார்கள். ஆகவே பொறுப்பைப் பற்றிய கேள்வியும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு: பெயர், முகவரி, தொழிலாளர் தணிக்கை ஆவணம். எஸ்ஏ8000 என்பது தொழிலாளர் நிலைக்கான சான்றிதழ். வாரம் 48 மணி நேர வேலை, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, மிகை நேரம் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அது வரம்பு வைக்கிறது. செடெக்ஸ் அப்படி இல்லை. அது உறுப்பினர் அமைப்பு, அதன் ஸ்மேட்டா என்பது தணிக்கை அறிக்கை. “செடெக்ஸ் சர்டிஃபைடு” என்று எழுதியிருந்தால் எழுதியவர் அதைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அறிக்கையைக் கேட்டு, முகவரி பொருந்துகிறதா, என்ன குறைகள் எழுதியிருக்கிறார்கள், சரி செய்தார்களா என்று வாசியுங்கள். குறையே இல்லாத அறிக்கையைவிட, குறை எழுதி மூடிய அறிக்கை நம்பிக்கை தரும். ஐஎஸ்ஓ 9001, சிஇ முத்திரை இரண்டும் தொழிலாளர் நிலை பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உள்ளூர் அச்சகத்துக்கு நேரில் போகலாம், போங்கள். தின்னர் வாடை வெளியேற வழி உண்டா, கையுறை உண்டா, பெட்டி மடிக்கும் இடத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா என்பதை எந்தச் சான்றிதழும் இல்லாமல் கண்ணே சொல்லும். பத்துப் பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ, இருபது பேர் என்றால் பிஎஃப் பதிவு கேளுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதில் துணிப் பை வேண்டும் என்றால் கேரளத்தில் குடும்பஶ்ரீ தையல் யூனிட்டுகளும், இந்தப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தைத்துக் கொடுப்பார்கள்.

வாங்குபவரின் பங்கும் உண்டு. நம் பள்ளி ஆண்டு விழாக்கள் ஜனவரி, பிப்ரவரியில் வரும்; சீனப் புத்தாண்டு விடுமுறையும் அப்போதுதான். கடைசி நேரத்தில் ஆர்டர் கொடுத்தால் அங்கே இரவு வேலை, இங்கே கையில் இருக்கும் கழிவுச் சரக்கு. நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டால் இரண்டும் தவிரும்.

அச்சு

சுழல் வகையில் லோகோவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 மிமீ நீளம், 12 மிமீ உயரம். அதில் பள்ளிப் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கம் திணித்தால் புள்ளிகள் அடைந்து, எழுத்து மையாகிவிடும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று பிரியுங்கள். கோப்பு கோரல்டிராவிலோ பிடிஎஃபிலோ வெக்டராக (படப் புள்ளிகளாக இல்லாமல் கோட்டு வடிவமாக) இருக்க வேண்டும். அனுப்பும் முன் கோரல்டிராவில் எழுத்தை எல்லாம் தேர்ந்து கன்ட்ரோல் + க்யூ அழுத்தி வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். மலையாளக் கூட்டெழுத்துகள் பிரிந்து சந்திரக்கலையோடு நிற்கும். உலோகத்தில் லேசர் செதுக்கல் அழியாது. மை அச்சென்றால் சாம்பிளை நகத்தால் சுரண்டியும், சானிடைசர் தொட்ட துணியால் தேய்த்தும் பாருங்கள்.

பில், எல்லை, டெலிவரி

பென் டிரைவுக்கு எச்எஸ்என் (பில்லில் போடும் சரக்குக் குறியீடு) 8523, ஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டுக் கடை கேரள முகவரிக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் வேண்டும், அந்தத் தொகையில் வரியும் சேர்த்தி. 200 டிரைவ், ஒன்று 230 ரூபாய் என்றால் 46,000, வரியோடு 54,280. வாளையாரில் பழைய விற்பனை வரிச் சோதனைச் சாவடி இல்லை என்பதால் பில் இல்லாமல் போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். வழியில் எங்கும் நிறுத்திக் கேட்கலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடை மாநிலம் தாண்டிச் சரக்கு அனுப்ப முடியாது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போதே உபரியாகப் பத்து டிரைவும், “இருபதில் ஒன்று சோதனையில் தவறினால் முழுச் சரக்கும் திரும்பும்” என்ற வரியும் சேர்த்துவிடுங்கள். சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எடுத்து மொத்தம் இருபதை முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். நாலு நாலாகச் செருகினால் ஒரு பகலில் முடியும்.

கோப்பு ஏற்றுவதைக் கடையிடம் விட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஷார்ட்கட் வைரஸும் இருநூறு வீட்டுக்குப் போகலாம். நீங்களே ஏற்றினால் 6 ஜிபிக்கு ஒன்றுக்கு 17 நிமிடம். ஒவ்வொன்றாக என்றால் 56 மணி நேரத்துக்கு மேல். ஒரே நேரத்தில் பல டிரைவில் நகல் ஏற்றும் 16 முனை டூப்ளிகேட்டர் வாடகைக்குக் கிடைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். டிவியில் போட்டுப் பார்ப்பார்கள் என்றால் எஃப்ஏடி32 ஃபார்மட்டும் எச்.264 எம்பி4 வீடியோவும் பாதுகாப்பு. அந்த ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. இரண்டு மணி நேர நாடகத்தை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

பழையவற்றைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடும் விற்பவரிடம் கேட்க வேண்டியதே. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் தரவுச் சேமிப்புச் சாதனங்களும் அடக்கம். குறு நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பதால் உள்ளூர்க் கடையிடம் பதிவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இறக்குமதி செய்தவரின் பதிவு எண்ணை அவர் காட்ட முடிய வேண்டும். கேரளத்தில் கிளீன் கேரளா கம்பெனி மின்கழிவு சேகரிக்கிறது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த மறுசுழற்சியாளர்கள் உண்டு. கொடுப்பதற்கு முன் மரக்கூட்டையும் துணியையும் கழற்றி, உள்ளே பிள்ளைகளின் படங்கள் இருந்தால் சிப்பைச் சுத்தியலால் ஒரு அடி அடித்துவிட்டுக் கொடுங்கள்.