விகிதத்தைச் சுருக்கும்போது நேரும் தவறுகள்

விகிதத்தின் உறுப்புகள் அனைத்தையும் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் எளிய வடிவம் கிடைத்துவிடும். விதி இவ்வளவு சிறியதாக இருந்தும் விடைகள் பிழையாவதற்குப் பெரும்பாலும் வகுத்தல் காரணமன்று. வகுக்கத் தொடங்குமுன் எண்களைச் சரியாக அமைக்காததும், வகுத்து முடிக்குமுன் நிறுத்திவிடுவதுமே காரணம்.

முதலாவது, அலகு. 75 பைசாவுக்கும் 3 ரூபாய்க்கும் உள்ள விகிதத்தை 75:3 என்று எழுதி 25:1 எனச் சுருக்குபவர், முக்கால் ரூபாய் மூன்று ரூபாயைப் போல் 25 மடங்கு என்று சொல்லிவிடுகிறார். 3 ரூபாயை 300 பைசாவாக மாற்றியபின் 75:300, அதாவது 1:4 என்பதே சரி. நேரத்தில் இந்தத் தவறு இன்னும் எளிதில் கண்ணுக்குத் தப்பும்: 1 மணி 20 நிமிடத்துக்கும் 50 நிமிடத்துக்கும் உள்ள விகிதம் 120:50 அன்று, 80:50, சுருக்கினால் 8:5.

வரிசையும் அப்படித்தான். சிறிய எண்ணை முன்னால் எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. நம் தேசியக் கொடியின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2, 900 மி.மீ. நீளமும் 600 மி.மீ. உயரமும் கொண்ட கொடிக்கு 2:3 என்று விடை எழுதினால், அது நின்றவாக்கில் நீண்ட வேறொரு கொடியாகிவிடும்.

மிகுதியாகக் காணப்படும் தவறு பாதியில் நிறுத்துவது. 84:126 என்பதை 2 ஆல் வகுத்து 42:63 என்று எழுதியவர், 63 ஒற்றைப்படை எண் என்பதாலேயே வேலை முடிந்தது என்று கருதிவிடுகிறார். இரண்டிலும் இன்னும் 21 பொதுக் காரணியாக இருக்கிறது, விடை 2:3. 91:119 போன்றவற்றில் நிலைமை மோசம், ஏனெனில் இரண்டு எண்களுமே பார்வைக்குப் பகா எண்கள் போலத் தோன்றும். இங்கே உதவுவது கழித்தல்தான். இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுத்தாக வேண்டும். 119இலிருந்து 91ஐக் கழித்தால் 28. ஆகவே 28இன் காரணிகளை மட்டும் சோதித்தால் போதும். 2, 4, 14, 28 ஆகியவை இரட்டைப்படை என்பதால் விலகிவிட, 7 மட்டும் எஞ்சுகிறது, விடை 13:17. வித்தியாசம் 1 என்றால், 35:36 போல, அந்த விகிதத்தை மேலும் சுருக்கவே முடியாது. பெரியதிலிருந்து சிறியதைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே சென்று மீப்பெரு பொதுக் காரணியைக் காணும், பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிடின் முறை இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. காரணிகளைப் பட்டியலிடுவதைவிட இதை முதலில் கற்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான தவறு, சுருங்காத விகிதத்தை வலிந்து சுருக்குவது. 1920×1080 புள்ளிகள் கொண்ட திரையில் பொதுக் காரணி 120; விகிதம் துல்லியமாக 16:9. மடிக்கணினிகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த 1366×768 திரையையும் 16:9 என்றே சொல்வார்கள்; ஆனால் அங்கே பொதுக் காரணி 2 மட்டுமே, எளிய வடிவம் 683:384. குறுக்குப் பெருக்கல் செய்து பார்த்தால் 683×9 = 6147, 384×16 = 6144; இரண்டும் சமமில்லை. விற்பனைக்கு அந்தத் தோராயம் போதும், கணக்குக்குப் போதாது.

பின்னமும் தசமமும் வந்தால் அவசரம் கூடுகிறது. 1/2 : 1/3 என்பதைப் பகுதிகளை மட்டும் எடுத்து 2:3 என்று எழுதுவது தவறு, இரண்டையும் 6 ஆல் பெருக்கினால் 3:2 என்று வரும். 1.5:0.25 என்பதில் புள்ளிகளை வெறுமனே நீக்கி 15:25 என்று எழுதுபவர், ஒன்றைப் 10 ஆலும் மற்றொன்றை 100 ஆலும் பெருக்கியிருக்கிறார். இரண்டையும் 100 ஆல் பெருக்கினால் 150:25, அதாவது 6:1. இதை வெறும் 6 என்று எழுதி நிறுத்தவும் கூடாது. பின் உறுப்பு 1 ஆனாலும் அதை எழுதியே ஆகவேண்டும்.

மூன்று உறுப்புகள் இருந்தால் மூன்றுக்கும் பொதுவான காரணியால்தான் வகுக்க வேண்டும். 12:18:27 என்பதில் முதல் இரண்டை மட்டும் 6 ஆல் வகுத்து 2:3:27 என்று எழுதுவது விகிதத்தையே மாற்றிவிடும். மூன்றையும் 3 ஆல் வகுத்தால் 4:6:9. எம்20 என்னும் தரத்திலான கான்கிரீட்டுக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்பது வழக்கமான கலவை விகிதம். தேர்வில் முழு எண்களாகக் கேட்டால் 2:3:6 என்று எழுதலாம். ஆனால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு மற்றவை எவ்வளவு என்பதே கட்டுமான இடத்தில் தேவைப்படுவதால், அங்கே முதல் உறுப்பை 1 ஆக வைத்திருப்பதுதான் வசதி. செய்யக்கூடாதது, 1.5ஐ 2 என முழுதாக்கி 1:2:3 என்று எழுதுவது: அப்போது சிமெண்ட் கூடாமலேயே மணல் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.