நடுத்தர பட்ஜெட்டில் எடை குறைந்த லேப்டாப் வாங்குவது எப்படி?

விலை உயர்ந்த லேப்டாப்பில் எடையைக் குறைக்க நல்ல உலோகத்துக்கும் வடிவமைப்புக்கும் செலவழிப்பார்கள். நடுத்தர விலையில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. எதையாவது கழற்றித்தான் எடையைக் குறைத்திருப்பார்கள்: பேட்டரி சிறிதாகும், போர்ட் குறையும், திரை மங்கலாகும், ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மதர்போர்டோடு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையோடு ஒட்டிப்போகும். எதைக் குறைத்தார்கள் என்று விளம்பரத்தில் இருக்காது. அதைக் கண்டுபிடித்து, அது இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடுமா என்று பார்ப்பதுதான் இந்தத் தேர்வின் முக்கால் பங்கு.

பணத்தை எதில் போடுவது என்று குழப்பம் வந்தால், பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் கொடுங்கள். திரை, கீபோர்டு, எடை, சால்டர் செய்த (பலகையோடு பற்றவைத்த) ரேம் ஆகியவை கடைசிவரை அப்படியேதான் இருக்கும். எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்), சார்ஜர், மவுஸ் எல்லாம் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

14 இன்ச் லேப்டாப் 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் எடை குறைவு என்று சொல்லலாம். 15.6 இன்ச்சில் 1.6, 1.7 கிலோ வந்தாலே நல்லதுதான். தினமும் தோளில் சுமப்பவர்களுக்கு 14 இன்ச் போதும். எக்ஸெல்லில் அகலமான ஷீட் பார்ப்பவர்கள் மட்டும் பெரிய திரைக்குப் போகலாம்.

ஸ்பெக் ஷீட்டில் '1.25 கிலோ முதல்' என்று போட்டிருந்தால் அந்த 'முதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது சிறிய பேட்டரியும் டச் வசதி இல்லாத திரையும் கொண்ட வகையின் எடை. நீங்கள் வாங்கப்போவது வேறு வகையாக இருக்கலாம்.

சார்ஜரை யாரும் எடை போடுவதில்லை. பழைய பாணி செங்கல் சார்ஜரும் தடித்த ஒயரும் சேர்ந்தால் 350, 400 கிராம் வரை போகும். காலியம் நைட்ரைடு வகை 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் 150 கிராமுக்குள் அடங்கும். ஆக, செங்கல் சார்ஜரோடு வரும் 1.3 கிலோ லேப்டாப்பைவிட, சிறிய சார்ஜரோடு வரும் 1.5 கிலோ லேப்டாப் பைக்குள் சற்று இலகுவாகவே இருக்கலாம். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: ரேம் 16 ஜிபி, அதில் பேரம் வேண்டாம்

பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ கால், ஒரு வேர்டு ஃபைல் என்று திறந்தாலே 8 ஜிபி திணறும். இடம் போதாமல் எஸ்எஸ்டியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும்போதுதான் கர்சர் நின்று நின்று நகரும்.

மெல்லிய லேப்டாப்பில் ரேம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். ரேமின் பெயர் 'எல்பிடிடிஆர்' என்று தொடங்கினால் ஏறக்குறைய எப்போதும் அப்படித்தான். கடையில் டெமோ மெஷின் இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் சால்டர். 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாற்றும் வகை. அங்கேயே எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும்.

8 ஜிபி சால்டர், கூடவே ஒரு காலி ஸ்லாட் என்று சில மாடல்கள் வரும். பட்ஜெட் இடித்தால் இது நல்ல வழி. இன்னொரு 8 ஜிபி போட்டதும் இரட்டைச் சேனல் ஆகிவிடும், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் என்பதால் அந்த வேகமும் கூடும்.

படி 3: பிராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏஎம்டி பிராசஸரில் 'ரைசன் 5, 7000 சீரிஸ்' என்று மட்டும் ஸ்டிக்கரில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். முழுப் பெயரில் வரும் நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது. 7520யு என்றால் ஜென் 2, அதாவது 2019இல் வந்த கட்டமைப்பு, 4 கோர் (கணக்கிடும் அலகு). 7530யு என்றால் ஜென் 3, 6 கோர். 7540யு என்றால் ஜென் 4, 6 கோர். மூன்றின் மேலும் 'ரைசன் 5' என்றே எழுதியிருக்கும். 7520யுவை 7540யுவின் விலைக்கு அருகில் விற்றால் தாராளமாக நடையைக் கட்டலாம்.

இன்டெல்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சிக்கனம், எச் என்றால் அதிக வேகமும் அதிகச் சூடும். மெல்லிய உடலுக்குள் எச் வகை தன் முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓட முடியாது. சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே காரணத்தால் ஒரே மெல்லிய மாடலில் ஐ5க்கும் ஐ7க்கும் அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த விலை வித்தியாசத்தை ரேமுக்கோ நல்ல திரைக்கோ திருப்பிவிடுங்கள். கோர் அல்ட்ராவில் 'வி' என்று முடிபவை பேட்டரி விஷயத்தில் கெட்டி. ஆனால் ரேம் பிராசஸரோடு ஒரே பேக்கேஜில் இருப்பதால் வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்களும் பேட்டரியில் நன்றாக நிற்கும். ஆனால் அவை ஏஆர்எம் வகை, அதாவது இன்டெல், ஏஎம்டியிலிருந்து மாறுபட்ட கட்டமைப்பு. பழைய பிரிண்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன், ஆன்லைன் தேர்வு மென்பொருள் ஆகியவற்றுக்கு ஏஆர்எம் ஆதரவு இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் கையை வைக்காதீர்கள்.

படி 4: திரை

மூன்று விஷயம் போதும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கு 400. பேனல் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) ஆக இருக்கட்டும். பக்கவாட்டில் நிறம் மாறும் டிஎன் என்றால் வேண்டாம். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். வண்ணம் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், படங்கள் வெளிறிப்போகும். எழுத்து வேலைக்கு அது பரவாயில்லை, போட்டோ எடிட்டிங் செய்பவர்கள் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' தேட வேண்டும்.

1920×1200 கிடைத்தால் 1920×1080ஐ விட்டுவிடுங்கள். கீழே கூடுதலாக வரும் 120 வரிசைப் புள்ளிகளில் எக்ஸெல்லின் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை அழகுதான். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும் திரைகள் அதில் உண்டு, சிலருக்குத் தலைவலி வரும். டெமோ மெஷினில் வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: பேட்டரியை மணிக்கணக்கில் அல்ல, வாட்-அவரில் பாருங்கள்

'18 மணி நேரம்' என்பது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ மட்டும் ஓட்டி எடுத்த கணக்கு. நீங்களே கணக்குப் போடலாம். பிரவுசிங், டைப்பிங் போன்ற சாதாரண வேலையில் லேப்டாப் சுமார் 6 முதல் 8 வாட் எடுக்கும். பேட்டரியின் கொள்ளளவை வாட்-அவரில் சொல்வார்கள்; 50 வாட்-அவர் பேட்டரியை 7ஆல் வகுத்தால் சுமார் 7 மணி நேரம். வீடியோ கால் வந்தால் மின்செலவு மளமளவென்று ஏறும். எடையைக் குறைக்க 40 வாட்-அவரைச் சுற்றி வைத்திருக்கும் மாடல்கள் நிறைய. புதிதில் சமாளிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்த பிறகு சார்ஜரும் கையுமாகத்தான் அலைய வேண்டும். எடை 100 கிராம் கூடினாலும் 50க்குக் கீழே போகாதீர்கள்.

படி 6: போர்ட்

யுஎஸ்பி-சி ஓட்டை இருப்பதால் மட்டும் எல்லாம் நடக்காது. சிலவற்றில் டேட்டா மட்டும் போகும். சார்ஜும் ஏற வேண்டும், வெளி மானிட்டரும் இயங்க வேண்டும் என்றால் 'பவர் டெலிவரி', 'டிஸ்ப்ளேபோர்ட்' இரண்டும் ஸ்பெக் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். எச்டிஎம்ஐ, பழைய யுஎஸ்பி-ஏ தலா ஒன்றாவது இருந்தால் ஹப் (கூடுதல் போர்ட் தரும் சிறு பெட்டி) தூக்க வேண்டியதில்லை.

படி 7: கையால் தொட்டுப் பாருங்கள்

கீபோர்டின் நடுவில், ஜி, எச் எழுத்துகள் இருக்கும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். பலகை குழிந்தால் கட்டுமானம் பலவீனம். மூடியின் ஒரு மூலையைப் பிடித்து ஒரு கையால் திறந்து பாருங்கள். திரை முறுக்கிக்கொண்டு வந்தால் நாளடைவில் ஹிஞ்ச் (மூடியின் கீல்) பக்கம் விரிசல் விடலாம். பவர் பட்டன் டெலீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், கை தவறுவது சகஜம்.

உடல் பிளாஸ்டிக் போலத் தட்டுப்பட்டால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். மக்னீசியம் கலவையும் தொட்டால் அப்படித்தான் இருக்கும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்தின் அடர்த்தி 1.74 கிராம் என்பதால்தான் எடை குறைந்த மாடல்கள் அதை விரும்புகின்றன.

படி 8: புதுசுதான் வேண்டுமா?

இதே பட்ஜெட்டில் புதுப்பித்த அலுவலக மாடல்கள் கிடைக்கும்: திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், லாட்டிட்யூட் 7000 வரிசை, எலைட்புக் 800 வரிசை. கட்டுமானமும் கீபோர்டும் புதிய நடுத்தர மாடல்களைவிடப் பெரும்பாலும் ஒரு படி மேல். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, எனவே விண்டோஸ் 11 ஏறும் மெஷினாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம். பயாஸுக்குள் (மெஷின் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புகள்) நுழையப் பாஸ்வேர்டு கேட்டாலோ, விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் லாகின் கேட்டாலோ வாங்காதீர்கள். பழைய உரிமையாளர் பூட்டை விடுவிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 9: ஆர்டர் போடும்போதும், பெட்டியைத் திறந்ததும்

ஒரே பெயரில் பத்து வகை இருக்கும். முழு மாடல் நம்பரை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய ரேம், திரை, பேட்டரியைச் சரிபாருங்கள். விண்டோஸ் இல்லாமல் ஃப்ரீடாஸ் (இலவசமான எளிய இயங்குதளம்) மட்டும் போட்டு விலையைக் குறைத்திருந்தால் லைசென்ஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை: இருட்டு அறையில் முழுக் கறுப்புப் படம் வைத்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, முழு வெள்ளையில் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா கீயையும் ஒருமுறை தட்டுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியில் வைத்து அரை மணி நேரம் வீடியோ கால் பேசி எத்தனை சதவீதம் இறங்குகிறது, உள்ளங்கை வைக்கும் இடம் சுடுகிறதா, ஃபேன் இரைச்சல் எதிர்முனைக்குக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, லேப்டாப்பையும் சார்ஜரையும் சமையலறைத் தராசில் வையுங்கள். ஸ்பெக் ஷீட்டைவிட 50 கிராம் கூடினால் விட்டுவிடலாம். 200 கிராம் கூடினால் பெட்டியில் இருப்பது நீங்கள் ஆர்டர் செய்த வகைதானா என்று மாடல் நம்பரை மறுபடி பாருங்கள்.