ஐஸ் மெஷின்: அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை நம்பி வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தம்பி போன் செய்தார். வீட்டு விசேஷங்களுக்கு சர்பத், மாக்டெயில் கவுன்டர் போடும் தொழிலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறார். "அண்ணே, 12 கிலோ மெஷின்னு சொல்லித்தான் வாங்கினேன். காலையிலேருந்து ஓடுது, ஒரு வாளிகூடத் தேறலண்ணே." இதே தொழிலில் என் முதல் வருடம் மதுரையில் ஒரு வளைகாப்பில் நான் பட்ட அதே பாடு.

ஸ்டெபிலைசர், வாரன்டி அட்டை பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம்.

அந்த 12 கிலோ

அது 24 மணி நேரக் கணக்கு. விசேஷம் நடப்பதோ 4 மணி நேரம். அதற்குள் வருவது 2 கிலோ. டம்ளரில் போடுவது, பாட்டில்களைக் குளிர வைப்பது, உருகி வீணாவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு அரை கிலோ ஐஸ் வேண்டும். 40 பேர் வந்தால் 20 கிலோ.

அந்த 2 கிலோவும் நம் வெயிலில் முழுசாக வராது. அறை 21 டிகிரி, தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்து எடுத்த அளவைத்தான் பல மெஷின்களில் போடுகிறார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். 10 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் ஐஸாக 90 கலோரி வெப்பத்தை இறக்க வேண்டும். 35 டிகிரித் தண்ணீர் என்றால் 115. இறக்கிய வெப்பத்தை மெஷின் வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே 40 டிகிரி அனல் என்றால் எங்கே தள்ளும்?

அந்த மதுரை வளைகாப்பு அன்றைக்கு என் மெஷினைப் பந்தலில், சமையல் அடுப்புக்குப் பத்தடி தள்ளி வைத்திருந்தேன். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. மூடியைத் திறந்தால் கூடையில் பாதிகூட இல்லை. நுனி கரைந்த புல்லட் ஐஸ் (துப்பாக்கிக் குண்டு வடிவ ஐஸ்), ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்ன மெஷின்களின் கூடைக்குக் குளிர்ச்சி கிடையாது. உருகியது தொட்டிக்கே திரும்பும். கூடை நிறைந்தால் மெஷின் நின்றுவிடும், அதுவே சுமார் ஒரு கிலோதான். ஆகவே 'ராத்திரி முழுக்க ஓடட்டும், காலையில் அள்ளிக்கலாம்' என்பதும் நடக்காது. நன்னாரி சர்பத்தை வெதுவெதுப்பாகத்தான் கொடுத்தேன். வளையல் போட்டு முடித்து வந்த பெண் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

விற்கிறவர்களுக்கு இது தெரியும். 4 மணி நேரத்தில் எவ்வளவு வரும் என்று நேராகக் கேட்டாலும் "டெய்லி 12 கிலோ சார்" என்றே சொல்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதிக்கு மேல் கோடையில் நான் நம்புவதில்லை. இரண்டு நாள் முன்பே ஓட்டி, கூடை நிறைய நிறைய அள்ளி, கவரில் கட்டி டீப் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். தொட்டியில் ஊற்றுவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். பற்றாததற்குக் குடிநீரில் செய்த கியூப் பாக்கெட் வாங்கலாம். மீன் கடைக்குப் போகும் பார் ஐஸ் பாட்டிலைக் குளிர வைக்க மட்டும். டம்ளர் பக்கமே வரக் கூடாது.

சுவரோடு ஒட்டி வைப்பது

சூடான காற்று வெளியேற ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

போர் தண்ணி

ஐஸ் உறையும் கம்பிகளில் உப்பு வெள்ளையாகப் படியும். அப்புறம் ஐஸ் சரியாகக் கழன்று விழாது. வடிகட்டிய தண்ணீரே ஊற்றுங்கள். மாதம் ஒரு தடவை எலுமிச்சை உப்பு கரைத்துக் கழுவுங்கள்.

ஐஸின் வடிவம்

புல்லட் ஐஸ் நடுவில் ஓட்டை, சீக்கிரம் கரைந்து சர்பத்தை நீர்க்க வைக்கும். நின்று பேசிக்கொண்டே குடிக்கும் விருந்துக்குக் கெட்டியான கியூப் தரும் மெஷின் பாருங்கள்.

வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டு வருவது

நிமிர்த்தி வைத்து ஒரு நாள் கழித்து சுவிட்சைப் போடுங்கள்.

மாடி வீட்டில் பெரிய மெஷின்

உருகிய தண்ணீர் வடிய மெஷினைவிடத் தாழ்வாக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.