போலந்து நீலப் பீங்கான்: அழகை மட்டும் பார்த்து வாங்குவோர் செய்யும் தவறுகள்

கோபால்ட் நீலத்தில் மயில் கண் போன்ற வட்டங்கள், புள்ளிகள், குட்டிக் குட்டிப் பூக்கள். வெண்ணெய்க் கிண்ணத்தில் தொடங்கி அடுமனைத் தட்டு வரைக்கும் இடம் விடாமல் நிரப்பியிருப்பார்கள். இப்படி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எப்போதாவது எடுத்துத் தூசி தட்டுவதோடு சரி. இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் மூத்தது இதுதான். இவை உணவு வேகவைக்கவும் பரிமாறவும் செய்யப்பட்ட பாத்திரங்கள். அவற்றின் அழகும் சாப்பாட்டு மேசையில்தான் முழுமையாகத் தெரியும். சிவந்த பீட்ரூட் சூப்பை நீலப் பூக்கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பயந்து பூட்டி வைப்பதற்கும், கண்டபடி கையாண்டு உடைப்பதற்கும் காரணம் ஒன்றே. கையில் இருப்பது என்ன வகைப் பொருள் என்று தெரிவதில்லை.

தென்மேற்குப் போலந்தில், கீழ்ச் சிலேசியாவில், பூபர் ஆற்றங்கரையில் பொலெஸ்வாவியெட்ஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. உலகம் போலந்துப் பீங்கான் என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்த ஊரின் சரக்கைத்தான். அந்த வட்டாரக் களிமண்ணில் செய்த பாண்டத்தை 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல், பொதுவாக 1250 டிகிரியை ஒட்டிச் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண் இறுகி, தண்ணீரை உறிஞ்சும் தன்மை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். ஸ்டோன்வேர் என்பது இதுதான். நம் வீட்டில் ஊறுகாய் போட்டு வைக்கும் பழுப்பு வெள்ளை ஜாடியும் இதே இனம். உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் ஊறினாலும் அந்த ஜாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. மத்திய ஐரோப்பாவில் முட்டைக்கோஸும் வெள்ளரிக்காயும் புளிக்கப் போடுவதும் ஸ்டோன்வேர் ஜாடிகளில்தான்.

ஆகவே அவனில் (ஓவன் என்னும் சூட்டுப்பெட்டியில்) வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்கலாம், டிஷ்வாஷரில் கழுவலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது வெறும் விளம்பரம் இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அடுப்பில் ஏற்றிவிடக்கூடாது. அதிகமான பாத்திரங்கள் வீணாவது இங்கேதான்.

ஸ்டோன்வேர் சூட்டை மெதுவாகக் கடத்தும். அவனுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடு வரும்போது பாத்திரம் முழுவதும் ஒன்றுபோல விரியும், பிரச்சினை இல்லை. கேஸ் அடுப்பின் தீ அடியில் ஓர் இடத்தை மட்டும் தாக்கும். அந்த இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள பகுதி இன்னும் குளிர்ந்தே இருப்பதால் இடம் கொடுக்காது. அப்புறம் என்ன, விரிசல்தான். மின்சார அடுப்பின் தட்டிலும் இதே கதை. அவனுக்குள்ளேயே மேலிருந்து கிரில் சூடு நேராக இறங்கும்போதும் அதே ஆபத்து உண்டு. இண்டக்ஷன் அடுப்பில் வைத்தால் பாத்திரம் சூடாகவே ஆகாது.

தீயில் வைக்காதவர்களும் உடைப்பது எப்படி என்றால், திடீர் வெப்ப மாற்றத்தால். ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க இருந்த தட்டைக் கொதிக்கும் அவனுக்குள் தள்ளுவது, அவனிலிருந்து எடுத்த கையோடு ஈரமான கிரானைட் மேடையில் வைப்பது, வறண்டுவிட்டதே என்று சூடான தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, சாப்பிட்டு முடித்ததும் ஆறவிடாமல் சிங்கில் குழாயைத் திறப்பது. இவற்றில் எதைச் செய்தாலும் பாத்திரம் அப்போதே உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது. பல தடவை தப்பிக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்து, பிறகொரு நாள் காரணமே இல்லாததுபோல இரண்டாகப் பிளக்கும். தரம் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். செய்ய வேண்டியது எளிது: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த அவனில் வைத்து, இரண்டும் சேர்ந்து சூடேறட்டும். வெளியே எடுத்ததும் மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். பொறுமை இருந்தால் இந்தத் தட்டு உங்களுக்குப் பிறகும் இருக்கும்.

போலந்தில் செய்தது எல்லாமே இப்படித்தான் என்று நினைப்பது இன்னொரு தவறு. வொட்ஸ்வாவெக் ஊரின் ஃபயான்ஸ் வகை வேறு. அதைக் குறைந்த சூட்டில் சுடுவார்கள். மென்மையான உடம்பு, தூரிகையால் தீட்டிய பெரிய பூக்கள். பார்க்க அழகு கொள்ளை போகும், ஆனால் ஸ்டோன்வேரின் உறுதியை அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. ஒபோலே பகுதியில் வெள்ளைப் போர்சலின் மேல் கையால் வரைகிறார்கள். ஈஸ்டர் முட்டை ஓட்டைக் கீறி வரையும் பழைய பூவேலைகளிலிருந்து வந்த வடிவங்கள் அவை. நீலப் பீங்கானை நடத்துவதுபோல இவற்றை நடத்தினால் பூச்சு மங்கும், பொன் விளிம்பு இருந்தால் மைக்ரோவேவில் பொறி பறக்கும்.

சரி, போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கு முன்னால், கைவேலை என்றால் இங்கே என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் சக்கரத்தில் வனைந்தது என்று கற்பனை செய்துகொண்டு வாங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலானவை பிளாஸ்டர் அச்சில் வார்க்கப்படுபவை, அல்லது அச்சில் வைத்து உருவாக்கப்படுபவை. கை முழுமையாக இறங்குவது அலங்காரத்தில். முதல் சூட்டில் லேசாக வெந்த பாண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்பாஞ்சில் வெட்டிய சின்னச் சின்ன முத்திரைகளைச் சாயத்தில் தோய்த்து ஒவ்வொன்றாக ஒற்றுகிறார்கள். ஒரு தட்டுக்கே பல முத்திரைகள் தேவைப்படும். நடுவில் கோடுகளையும் காம்புகளையும் தூரிகையால் இழுப்பார்கள். பிறகு அதன் மேல் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். வரைந்தது மொத்தமும் அந்த வெண்மைக்குள் மறைந்துவிடும். இரண்டாவது சூட்டில் பூச்சு உருகித் தெளிந்த பிறகுதான் நீலம் வெளியே வரும். அத்தனை சூட்டையும் தாங்கிக்கொண்டு ஆழமாக நிற்பது கோபால்ட்டின் சிறப்பு. இந்தப் பீங்கானின் முகமே நீலமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இது தெரிந்தால் போலி தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான தட்டில் ஒரே பூ பத்து இடத்தில் இருந்தாலும் பத்தும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் சாயம் கெட்டியாக, இன்னொன்றில் லேசாக இருக்கும். ஓரத்தில் இரண்டு முத்திரைகள் சற்றே ஏறி உட்கார்ந்திருக்கும். அலங்காரம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் விரலால் தடவினால் வழவழவென்று மட்டுமே இருக்கும். தாள் படத்தை ஒட்டிச் சுட்ட மலிவுச் சரக்கில் படத்தின் விளிம்பு பல சமயம் விரலுக்கே தட்டுப்படும்; உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகள் தெரியும். பிசிறில்லாத கச்சிதத்தை நல்ல தரம் என்று எண்ணி, உண்மையானதைக் கீழே வைத்துவிட்டுப் போலியை எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஊரின் பெயர், போலந்தில் கையால் செய்தது என்ற வாசகம், பட்டறையின் குறி ஆகியவை முத்திரையாகவே பதிந்திருக்க வேண்டும். உரித்தால் வந்துவிடும் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள்.

அடியில் யூனிகாட் என்றும் சில துண்டுகளில் இருக்கும். வேலைப்பாடு அதிகமுள்ள, கைதேர்ந்த கலைஞர் கையெழுத்திட்ட வரிசை அது. விலையும் ஏறும். உலகத்தில் இப்படி ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். அதே வடிவத்தை அவர்கள் மறுபடியும் செய்வார்கள்.

விற்பனைக்காரர்கள் சிலர் இதைப் பல நூற்றாண்டுகளாக மாறாமல் வரும் போலந்து நாட்டுப்புறக் கலை என்று சொல்லி விற்கிறார்கள். இது பாதி உண்மை. 1945 வரை இந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. அப்போது பெயர் புன்ட்ஸ்லாவ். குயவர்களுக்கான தொழிற்சங்கம் அங்கே 1511-இலேயே உருவாகிவிட்டது. பழைய புன்ட்ஸ்லாவ் பாண்டங்கள் பெரும்பாலும் பழுப்பு நிறம். அவற்றில் காபிக் குடங்கள் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றவை. 1753-இல் யோப்பே என்ற குயவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு பானை செய்தார். ஊருக்கே அடையாளமாக இருந்த அது இரண்டாம் உலகப் போரோடு போய்விட்டது. 1897-இல் வில்ஹெல்ம் புக்கால் தலைமையில் பீங்கான் தொழிற்பள்ளி தொடங்கியது. ஸ்பாஞ்ச் முத்திரையும் மயில் கண் வடிவமும் பரவலானது அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

போர் முடிந்து எல்லை மாறியபோது அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறிய போலந்துக்காரர்களுக்குச் சூளையும் மண்ணும் கிடைத்தன, சூட்சுமம் கிடைக்கவில்லை. க்ராகூவிலிருந்து வந்த தடேயுஷ் ஷஃப்ரான் போன்றவர்கள் சூளைகளை மறுபடி எழுப்பினார்கள். 1950-இல் கலைப்பீங்கான் கூட்டுறவு ஒன்று பிறந்தது. 1964 முதல் பிரோனிஸ்வாவ் வோலானின் அரசு ஆலையில் புது வடிவங்களைக் கொண்டுவந்தார். வீட்டை இழந்தவர்களின் வடிவத்தை, புது வீடு தேடி வந்தவர்கள் தொடர்ந்து ஒற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு வெறும் நாட்டுப்புறக் கதையாக்குவது அந்த இரு தரப்புக்கும் நியாயம் இல்லை.

இதில் வாங்குகிறவருக்கு நேரடியாகத் தேவைப்படுவதும் ஒன்று உண்டு. பழைய பொருள் சந்தையில் புன்ட்ஸ்லாவ் பாண்டம் கிடைத்தால் இது போலந்து இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். அதே சமயம் அதில் சாப்பிடவும் வேண்டாம். ஆல்ட்மான் என்ற அவ்வூர்க் குயவர் 1820களின் கடைசியில் ஈயம் கலக்காத பூச்சை உருவாக்கினார். ஆனாலும் கையில் கிடைத்த துண்டு யாருடையது, எந்தப் பூச்சு என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. பரிசோதிக்காத பழைய பாண்டம் அலமாரியில் இருக்கட்டும். அதற்கு மட்டும் பூட்டு சரி.

ஒரே வடிவத்தில் முழு செட் வாங்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஆறு தட்டு, ஆறு கிண்ணம், எல்லாம் ஒரே பூ என்றால் மேசை உணவு விடுதிபோல ஆகிவிடும். நீலமும் பாலேட்டு வெண்மையும் பொதுவாக இருப்பதால் எந்த வடிவத்தோடும் எந்த வடிவமும் சேரும். மயில் கண் தட்டின் மேல் புள்ளிக் கிண்ணம், பக்கத்தில் பூப்போட்ட மக் என்று கலந்து வைப்பதுதான் என் கண்ணுக்கு இதன் உச்சம். ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், ஒன்று உடைந்தால் செட் போயிற்றே என்ற துக்கமும் இல்லை. இரண்டாம் தரத்தையும் வெறுக்காதீர்கள். அந்த ஊரின் ஆலைக் கடைகளில் ஓர் ஊசித்துளை, ஒரு சாயத் தீற்றல் இருப்பதற்காகவே விலை குறைத்த துண்டுகள் கிடைக்கும். ஜெர்மனியில் பணியில் இருந்த அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் 1990களில் எல்லை தாண்டி வந்து கார் நிறைய வாங்கிப் போயின; அமெரிக்காவில் இந்தப் பீங்கான் பிரபலமானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் தரத்தை முதல் தர விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

எடையைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். பெரிய அடுமனைத் தட்டு காலியாக இருக்கும்போதே கனக்கும். உணவோடு, சூடாக, இரண்டு கையால் தூக்க முடியுமா என்று யோசித்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

பராமரிப்பில் அதிகம் சொல்ல இல்லை. தட்டில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்தால் பூச்சு கீறிவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது ஸ்பூனின் உலோகம் தட்டில் ஒட்டிக்கொண்டது. சமையல் சோடாவைக் குழைத்து மெல்லத் தேய்த்தால் போகும். கம்பி நார் மட்டும் கூடாது. தட்டின் அடி வளையத்தில் பூச்சு கிடையாது, சொரசொரப்பாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அது கீழ்த் தட்டைக் கீறும், அதனால் நடுவில் துணியோ காகிதமோ வைக்கலாம், அல்லது வாங்கியவுடன் அந்த வளையத்தை நைஸான உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்துவிடலாம். விளிம்பில் சில்லு பெயர்ந்த கிண்ணத்தில் மறுபடி சாப்பிடாதீர்கள். பெயர்ந்த ஓரம் கண்ணாடிபோல வெட்டும், அங்கிருந்து இன்னும் துணுக்குகள் உதிரவும் வாய்ப்புண்டு. சாவி போட்டு வைக்கவோ சிறு செடி வைக்கவோ அது தாராளமாகப் போதும்.