குடியாலும் மனநோயாலும் அவதிப்படும் அண்டை வீட்டாரை அணுகுவது எப்படி: செட்டிநாட்டு ஊர்களுக்கான வழிகாட்டி

குடிநோயைப் பற்றியோ மனநோயைப் பற்றியோ ஊர்ப் பொதுவில் கூட்டம் போட்டால், அந்தத் துன்பம் இல்லாதவர்களே பெரும்பாலும் வந்து அமர்வார்கள். துன்பம் உள்ள வீட்டார் வருவதில்லை. வந்தால் ஊர் பார்க்கும், நாளைக்குப் பெண் கொடுத்து எடுக்கும்போது பேச்சு எழும் என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. ஆகவே உதவ விரும்புகிறவர்கள் மேடையை விட்டுவிட்டு வாசலுக்குச் செல்ல வேண்டும். அதே ஆட்கள், அதே வீட்டுக்கு, சொன்ன கிழமையில் தவறாமல் செல்வதுதான் இந்தப் பணியின் உயிர்நாடி.

ஒரு வீட்டுக்கு இருவர் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. படித்தவர், பதவியில் இருப்பவர் என்று ஆள் தேட வேண்டியதில்லை. மகளிர் குழுவை நடத்துகிறவர், நூறு நாள் வேலைத் தளத்தில் எல்லோரையும் அறிந்தவர், 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு வீடாக மாத்திரை கொண்டு செல்கிறவர் போன்றோர் ஏற்கெனவே வாசல் தாண்டி உள்ளே போகிறார்கள். குடியிலிருந்து மீண்ட ஒரு கொத்தனாரோ சமையல் மாஸ்டரோ உடன் வர இசைந்தால் அதைவிடப் பெரிய பலம் இல்லை. தன்னைப் போலவே கைநடுக்கம் கண்டு எழுந்த ஒருவர் சொல்வதை மனம் கேட்கும்.

புறப்படும் முன் சில செய்திகளை உறுதி செய்துகொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் காரைக்குடி, தேவகோட்டை அரசு மருத்துவமனைகளில் எந்தக் கிழமை இருப்பார், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நேரம் இயங்கும் என்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல ஆலோசனை எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்திற்கென்று 14446 இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 108.

முதலில் பார்க்க வேண்டியவர் குடிக்கிறவர் அல்லர். அவருடைய மனைவி அல்லது தாய். பல ஆண்டுகளாக அந்தச் சுமையைத் தனியே தூக்குகிறவர் அவர். "ஆச்சி, நீங்க சாப்பிட்டீகளா, தூங்கினீகளா?" என்று அவரைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள், "அண்ணன் இன்னும் குடிக்கிறாகளா?" என்று தொடங்கினால் அன்றே கதவு சாத்தப்படும். அடி உதை இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வீட்டில் அரிசி இருக்கிறதா என்பவை மெல்லத் தெரிய வரும். அடி உதை இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181 என்பதை அவருக்கு மட்டும் சொல்லி வைக்க வேண்டும். கேட்டவை அந்த வீட்டு முகப்பைத் தாண்டக்கூடாது. ஒரு சொல் கசிந்தாலும் அந்த வீடு மட்டுமல்ல, தெருவே உங்களுக்கு மூடிக்கொள்ளும்.

பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் ஆச்சி யாருடனும் பேசாமல், பசியின்றி, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருந்தால், வயது என்று விட்டுவிடாமல் மனச்சோர்வா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அது குணப்படுத்தக்கூடியது.

குடிக்கிறவரிடம் காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, நாலு பேர் நடுவில் நிறுத்தி வைத்து நியாயம் கேட்பது ஆகிய இரண்டும் அவரை ஒளிந்து குடிக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. "அண்ணே, ராத்திரி தூக்கம் வருதா? காலையில கை நடுங்குதா?" என்று உடம்பைப் பற்றிக் கேட்டால் அவரே பேசத் தொடங்குவார்.

அந்தக் கைநடுக்கம்தான் இந்தப் பணியில் நாம் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய அடையாளம். நாள்தோறும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நாள், இடம் தெரியாமல் பிதற்றுவதும், இல்லாத பூச்சிகளை உடம்பிலிருந்து தட்டிவிடுவதும் நேரலாம். இதைக் காற்று, கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்று காலம் கடத்தினால் உயிர் போகும். கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களும், தைப்பூசத்திற்குப் பழனி பாதயாத்திரைக்கு விரதம் தொடங்குகிறவர்களும், கோயிலில் குடியை விடக் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் அன்றோடு குடியை நிறுத்துகிறார்கள். அந்த உறுதி போற்றத்தக்கது. அதைக் கெடுக்க வேண்டாம். மாலை போடுவதற்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையும் பி1 என்னும் தயமின் சத்தும் பெற்று நிறுத்தச் சொல்லுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் மருத்துவமனையில் தங்கித்தான் நிறுத்த வேண்டும். மாலையைக் கழற்றும் நாளும் அதே அளவு முக்கியமானது. ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தவர் அன்று சாயங்காலமே பழைய கூட்டாளிகளுடன் கடைப்பக்கம் போய்விடுகிறார். அன்று அவர் வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும்.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த" என்ற விளம்பரங்களை நம்பிச் சாப்பாட்டில் பொடி கலப்பதை எந்த வீட்டில் கண்டாலும் தடுத்துவிடுங்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இறக்கக்கூடும். அது நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரப்படும் மருந்து.

மனநோய் உள்ள வீட்டில் நடைமுறை சற்று வேறு. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போய்வந்த குடும்பத்திடம் அந்த நம்பிக்கையை எதிர்த்து வாதாடாதீர்கள். வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்பதே போதும். ஆனால் கட்டிப்போடுவதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. மகனைக் கட்டி வைத்திருக்கும் தாயைக் குற்றவாளிபோல் பார்க்காமல், மாற்றுவழியை நாம் கொண்டு செல்ல வேண்டும்: வண்டி ஏற்பாடு, துணைக்கு ஆள், மருத்துவமனையில் வரிசையில் நிற்க ஒருவர்.

மாத்திரை தொடங்கிய பின்பே நம் வேலை கூடுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் உடல் விறைப்பும் மந்தமும் எடைகூடுதலும் வந்து, பயந்து நிறுத்திவிடுவார்கள். குணமானதும் "இனி எதற்கு" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. நோய் திரும்பி வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பக்கவிளைவு இருந்தால் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார் என்பதை ஒவ்வொரு மாதமும் எடுத்துச் சொல்லி, மாத்திரை தீரும் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில் வாசல்களில் ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லலாம். பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அவர்களின் சட்டக் கடமை.

"செத்துப் போகலாம்போல இருக்கு" என்று யார் சொன்னாலும் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மாறாக, மனப் பாரம் இறங்கும். பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் 14416ஐ அழையுங்கள். விஷம் குடித்தவர் பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்; சில விஷங்கள் ஓரிரு நாள் கழித்தே உறுப்புகளைக் கெடுக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் தயங்கினால், கடும் மன அழுத்தத்தால் செய்ததாகவே கருதி தண்டனை இல்லை என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கூறுவதையும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

தனியார் மறுவாழ்வு மையத்தைக் குடும்பம் நாடினால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா, உறவினர் பார்க்கலாமா என்று முதலில் விசாரியுங்கள். இரவில் வண்டியோடு ஆள் அனுப்பித் தூக்கிச் செல்லும் இடத்திற்கு யாரையும் ஒப்படைக்காதீர்கள்.

மீண்டும் குடித்தார் என்ற செய்தி வரும்போது பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த வாரமும் வழக்கமான கிழமையில் செல்லுங்கள், கடிந்துகொள்ளாமல், எது அவரை இழுத்தது என்று கேளுங்கள்: கூலி கைக்கு வந்த சனிக்கிழமையா, கல்யாணச் சமையல் முடிந்த இரவா, மனைவியுடன் சண்டையா. சனிக்கிழமைதான் என்றால், அவர் ஒப்புக்கொண்டால் அன்று கூலியை மனைவி வாங்கிக்கொள்ள மேஸ்திரியிடம் பேசுங்கள். உங்களால் ஒரு வாரம் போக முடியாது என்றால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஊரைவிட்டே போவதானால், உங்கள் இடத்தில் வரப்போகிறவரை இரண்டு மூன்று முறை உடன் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்திய பிறகே விலகுங்கள்.