"ஹெட் அப் லா!" என்று கத்துவதை முதலில் நிறுத்துங்கள்

சுங்கைப்பட்டாணிப் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் துரைமார் ஆடிய இடம். நம் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள்; நானும் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன். இப்போது ஞாயிறு காலையில் ஆயில் மில் கிராணி, பள்ளி ஆசிரியர், லாரி வைத்திருப்பவர் என்று நம் ஆட்களே நாலு பேராகச் சேர்ந்து ஆட வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் ஒன்றுவிடாமல் அடிக்கும்போது வயிறு எரிகிறது.

கிரிப்பை நெரிக்காதே, அவசரப்படாதே என்பதையெல்லாம் யூடியூப்பைத் திறந்தால் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அதற்குள் நான் போகவில்லை. கீழே ஒவ்வொன்றாக நான் பார்க்கும் தவறுகள்; சொல்லும் திருத்தம் வலது கை ஆட்டக்காரருக்கு. இடது கை என்றால் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தலையைக் கீழேயே புதைத்து வைப்பது

புதிதாக வந்தவர் பந்தின் மண்டையில் அடித்து, அது புல்லில் உருண்டு ஓடினால் போதும். கூட வந்த மூன்று பேரும் ஒரே குரலில் "ஹெட் அப் லா!" என்பார்கள், தலையைத் தூக்கிவிட்டாய் என்று. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். சொல்பவருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. ஆனால் கேட்பவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கெட்டுப்போகிறார்.

மில்லில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இப்படித்தான் வந்தார். "அண்ணே, தலைய அசைக்காமத்தான் அடிக்கிறேன், பந்து எழும்பவே மாட்டேங்குது" என்றார். கழுத்து வலிக்கு உருவிவிட்ட எண்ணெய் வாசனை இன்னும் அவர்மேல் இருந்தது. கைபேசியில் ஸ்லோ மோஷனில் பிடித்துக் காட்டினேன். தலை ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பந்து போன பிறகும் மோவாய் நெஞ்சில் ஒட்டியிருக்கிறது. வலது சப்பாத்தின் அடி முழுக்கத் தரையில். பெல்ட் பக்கிள் பந்து இருந்த இடத்தையே பார்க்கிறது. உடம்பு திரும்ப வழியில்லாததால் கைகள் மட்டும் தனியாகப் போய், இடது முழங்கை கோழி இறக்கை போல மடங்கி நிற்கிறது.

பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பாதி இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். கிளப், அதாவது அடிக்கும் மட்டை, அந்த அளவு மேலே வந்தாலே மண்டையில்தான் படும். அதற்குத் தலைதான் காரணம் என்று யார் சொன்னது? எடை வலது காலிலேயே தங்கிவிட்டால், கிளப் வீசும் வட்டத்தின் அடிப்பகுதி பந்துக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். பந்தைத் தொடும் நேரத்தில் கிளப் மேலே ஏறத் தொடங்கியிருக்கும். முழங்கை மடங்கினாலும் அதே கதை. தலை எழும்புவது பெரும்பாலும் இந்தக் கோளாறின் விளைவு. விளைவைப் பிடித்துக் கட்டிப்போட்டால் கோளாறு எப்படிப் போகும்?

இன்னொன்று. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் அரை மில்லி வினாடி. பந்து போன பிறகு நீங்கள் புல்லைப் பார்த்தாலும் ஒன்றுதான், ஜெராய் மலையைப் பார்த்தாலும் ஒன்றுதான். பெரிய ஆட்டக்காரர்களான டேவிட் டுவாலும் அன்னிகா சோரன்ஸ்டாமும் அடிக்கும்போதே முகத்தை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார்கள். டுவால் 1999-இல் 18 குழிச் சுற்று ஒன்றை வெறும் 59 அடியில் முடித்தார்; அன்னிகா 2001-இல் அதே 59. அவர்களிடம் போய் "ஹெட் அப்" என்று சொல்வீர்களா?

கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் சிறுவனாக இருந்தபோது, தலை அசையாமலிருக்க அவர் முடியை ஆள் வைத்துப் பிடித்துப் பழக்கினார்கள் என்று சிலர் என்னிடம் மடக்குவார்கள். உண்மைதான். தலை அப்படியும் இப்படியும் அலையக்கூடாது என்பதற்கான பயிற்சி அது. மோவாயை நெஞ்சில் பூட்டி வைப்பது வேறு.

சரி, என்ன செய்வது? அந்தத் தம்பியை நான் தலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட நினைக்க விடவில்லை. அடித்து முடித்ததும் வயிறு இலக்கைப் பார்க்க வேண்டும், வலது குதிகால் எழும்பி நுனிவிரல் மட்டும் தரையில் இருக்க வேண்டும், அந்த நிலையில் மூச்சை விட்டு நிற்க முடிய வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். முதலில் பந்து இல்லாமல் இடுப்பு உயரத்துக்கு வீசினார். அப்புறம் பிட்சிங் வெட்ஜ் என்ற கிட்டத்து அடிக்கான சின்ன கிளப், பாதி வேகம். நெஞ்சு திரும்பினால் தலையும் தானாகத் திரும்பும். அதைத் தடுக்காமல் விட்டதுதான் அவருக்குத் திருப்பம். பந்து எழும்பியதும் கூட்டாளிகள் பழக்கதோஷத்தில் மறுபடி "தலை, தலை" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பது

மேலே சொன்னதற்குப் பங்காளி. ஐயனால், அதாவது இரும்புத் தலை கிளப்பால், அடிக்கும்போது பந்தை எழுப்புவது உங்கள் வேலை இல்லை. கிளப் முகத்தின் சரிவு அதைச் செய்யும். பிட்சிங் வெட்ஜில் அந்தச் சரிவு 45 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் நீங்கள் மணிக்கட்டால் கோரி எடுத்தால் மண்தான் வரும். முதலில் பந்து, பிறகு மண். டிரைவர் என்ற தூர அடிக்கான நீள கிளப் மட்டும் விதிவிலக்கு: பந்து டீ என்ற சின்ன முளையின் மேல் இருப்பதால் கிளப் கொஞ்சம் ஏறும்போது பட்டால் நல்லது.

புது டிரைவர் வாங்குவது

வேண்டாம்.

வலது பக்கம் வளைகிறதென்று இடது பக்கம் திரும்பி நிற்பது

வலது ஓரத்தில் செம்பனை வரிசை. அங்கே போன பந்து போனதுதான். அதனால் ஆட்கள் வாரா வாரம் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பி நிற்கிறார்கள். பந்து இன்னும் பெரிதாக வளைந்து அதே மரத்தடிக்குப் போகிறது.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகம். வளைவை முடிவு செய்வது அந்த முகத்துக்கும் கிளப் வீசும் பாதைக்கும் உள்ள கோணம். இடது பக்கம் திரும்பி நின்றால் பாதையும் இடது பக்கம் போகும். முகம் மட்டும் பழையபடி இலக்கைப் பார்த்துத் திறந்திருக்கும். கோணம் கூடும், வளைவும் கூடும். ரேடார் கருவிகள் வந்து காட்டும்வரை பல பயிற்சியாளர்களே இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆகவே உங்கள் மேல் குற்றமில்லை. கால்களை நேராக்குங்கள். இடது கையைப் பிடியில் கொஞ்சம் வலது பக்கம் உருட்டி, குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டி தெரியும்படி பிடியுங்கள். முதலில் சில பந்து இடது பக்கம் பாயும். பாயட்டும்.

போட்டியில் வாத்தியாராவது

மொத்த அடியை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் எதிராளிக்கு ஆலோசனை சொன்னால் சொன்னவருக்கு இரண்டு அடி தண்டம். இந்த விதியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

ரேஞ்ச் பாயை நம்புவது

பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் பாய் ரொம்ப நல்ல மனசுக்காரர். பந்துக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். "ஆஹா, சுத்தமா பட்டுச்சு" என்று நினைப்பீர்கள். மைதானத்தில், மழை விட்ட மறுநாள் ஊறிப்போன மண்ணில், அதே அடி கிளப்பை அங்கேயே புதைத்துவிடும்.

ஆகவே ஒரு பக்கெட் பந்து வாங்குவதற்கு முன் புல் தரையில் ஒரு கைப்பிடி மணலை நேர்கோடாகத் தூவுங்கள். கோடு உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வர வேண்டும். பந்து வேண்டாம். ஐயனை வீசிவிட்டு, புல் பெயர்ந்த இடத்தைக் குனிந்து பாருங்கள். கோட்டுக்கு இலக்குப் பக்கம் பெயர்ந்திருந்தால் சரி. பின்பக்கம் என்றால் எடை இன்னும் வலது காலில்தான் இருக்கிறது. குதிகாலைக் கவனித்துவிட்டு மறுபடி வீசுங்கள். பெயர்த்த புல்லைத் திரும்ப வைத்து மிதித்துவிட்டுப் போங்கள், தோட்டக்காரர் பாவம்.